உதிரும் இலையும் பற்றற்ற மனமும்

இலையுதிர்காலத்தின் அழகை நுட்பமாகப் போற்றி வளர்த்த பண்பாடுகளில் ஜப்பானியப் பண்பாட்டுக்குத் தனி இடம் உண்டு. அந்த மண்ணின் சமய வாழ்வை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக உருவாக்கியதில் பெரும்பங்கு பௌத்தத்துக்கு. தோன்றிய எதுவும் நிலைக்காது, நிலைக்காததன்மேல் வைக்கும் பற்றே துன்பத்துக்கு வேர் என்பது பௌத்தத்தின் முதற்பாடம். மேப்பிள் மரத்தின் சிவந்த இலையோ சில நாள்களில் உதிர்ந்துவிடுவது. கண்டவர் மனத்தை உடனே கவர்ந்துகொள்வது. பற்றை விடச் சொல்லும் சமயமும், சிவந்த இலையைத் தேடி மலையேறும் ரசனையும் ஒரே மண்ணில், பல வேளைகளில் ஒரே துறவியின் உள்ளத்தில், எவ்வாறு சேர்ந்து வாழ்ந்தன? அழகில் மனம் தோய்வது பற்றா, நிலையாமையை அறிவதற்கு அதுவே ஒரு வழியா? ஜப்பானிய மெய்யியலும் இலக்கியமும் பல நூற்றாண்டுகளாக ஆராய்ந்துவந்த கேள்வி இது.

பருவத்தின் ஒழுங்கு

பூமியின் அச்சு ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்திருப்பதால் பருவங்கள் மாறுகின்றன. செப்டம்பர் 22 அல்லது 23ஆம் நாள் பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாக இருக்கும். அதன்பின் வட அரைக்கோளத்தில் இரவு நீள, பகல் குறையும். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் இந்தக் குறைவு சிறியது. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மணி நேரம்தான். 35 பாகை வட அட்சரேகையில் உள்ள கியோட்டோவிலோ அது நாலரை மணி நேரத்தைத் தாண்டும். தமிழ்நாட்டின் வறண்ட காடுகளில் மரங்கள் நீர் குறையும் மாதங்களில் இலை உதிர்க்கின்றன. ஜப்பானின் மேப்பிளும் கிங்கோவும் ஒளி குறைவதையும் குளிர் ஏறுவதையும் அறிந்து உதிர்க்கின்றன.

பகல் சுருங்குவதை மரம் உணர்ந்ததும் இலைக்குள் சில மாற்றங்கள் வரிசையாக நிகழ்கின்றன. பச்சையம் சிதைகிறது. இலையிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் கிளைக்கும் தண்டுக்கும் திருப்பி எடுக்கப்படுகின்றன; நைட்ரஜனில் ஏறத்தாழப் பாதி இவ்வாறு மீட்கப்படுவது வழக்கம். பச்சை மறைந்ததும், கோடை முழுவதும் அதன் அடியில் இருந்துவந்த கரோட்டினாய்டு நிறமிகள் வெளித்தெரிகின்றன. கிங்கோவின் மஞ்சள் இத்தகையது. மேப்பிளின் சிவப்பு வேறு வகை. அதற்குக் காரணமான ஆந்தோசயனின், இலையின் கடைசி வாரங்களில், அங்கே தங்கிவிட்ட சர்க்கரையைக் கொண்டு பெரும்பாலும் புதிதாக உருவாகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத அளவுக்குக் குளிரும் இருந்தால் சிவப்பு ஆழமாகும். இதே காலத்தில் இலைக்காம்பின் அடியில் ஒரு பிரிபடலம் அமைகிறது. தாவர இயக்குநீர்களில் ஆக்சின் குறைந்து எத்திலீன் மிகும்போது அந்தப் படலத்தின் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. பிறகு ஒரு சிறு காற்று போதும். காம்பு இருந்த இடத்தைத் தக்கைப் படலம் மூடிக்கொள்கிறது.

உதிரப்போகும் இலைக்காக மரம் ஏன் புதிய நிறமியைச் செலவிட்டு உண்டாக்குகிறது என்பது உயிரியலாளர்களிடையே இன்னும் விவாதத்தில் உள்ளது. பச்சையம் குறைந்த இலையை மிகையான ஒளியிலிருந்து ஆந்தோசயனின் காக்கிறது, அதனால் சத்துகளை மீட்கும் வேலை தடையின்றி நடக்கிறது என்பது ஒரு விளக்கம். மரத்தின் எதிர்ப்பாற்றலை அசுவினி போன்ற பூச்சிகளுக்கு அறிவிக்கும் எச்சரிக்கைக் குறியே அந்த நிறம் என்பது மற்றொரு விளக்கம். பின்னதை டபிள்யூ. டி. ஹாமில்டனும் சாம் பிரவுனும் 2001இல் வெளியான ஆய்வுரையில் முன்வைத்தார்கள். எந்த விளக்கம் வென்றாலும் ஒன்று தெளிவு. இலை சிவப்பது மரத்தின் உயிர்வாழ்வோடு இணைந்த, ஒழுங்கு மாறாத ஒரு செயல். குளிர்காலத்தைக் கடப்பதற்கு மரம் செய்துகொள்ளும் ஆயத்தம்.

இந்த ஒழுங்கு நிலப்பரப்பிலும் விரிந்து தெரிகிறது. ஜப்பானின் வடகோடியான ஹொக்கைடோவில் டைசெட்சு மலைத்தொடரின் உச்சிகள் செப்டம்பர் நடுவிலேயே சிவக்கத் தொடங்குகின்றன. அந்தச் சிவப்பு வடக்கிலிருந்து தெற்காகவும், உச்சியிலிருந்து அடிவாரமாகவும் படிப்படியாக இறங்கி, நவம்பர் பிற்பாதியில் கியோட்டோவை அடைகிறது. இவ்வரிசையை மக்கள் நெடுங்காலமாகக் கவனித்துக் கணக்கிட்டு வந்துள்ளார்கள். பழைய நாள்காட்டி ஆண்டை 24 பருவப் புள்ளிகளாகவும், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 நாள் கொண்ட 72 சிறுபருவங்களாகவும் பகுத்தது. வெண்பனித்துளி, குளிர்ந்த பனித்துளி, உறைபனி விழுதல் என்று இலையுதிர்காலத்தின் பிற்பகுதி பெயர் பெற்றது. இந்த முறை சீனாவிலிருந்து வந்தது. வானியலாளர் ஷிபுகாவா ஷுன்காய் 1685இல் நடைமுறைக்கு வந்த நாள்காட்டிக்காக அதை ஜப்பானின் தட்பவெப்பத்துக்கு ஏற்பத் திருத்தினார். சீனப் பட்டியலில் பூச்சிகள் வளைக்குள் ஒடுங்கும் சிறுபருவமாக இருந்த இடத்தில், ஜப்பானியப் பட்டியலில் மேப்பிளும் படர்கொடியும் நிறம் மாறும் சிறுபருவம் இடம்பெற்றது.

செவ்விலை காணும் மரபு

இலையுதிர்காலத்துக்கு ஜப்பானிய இலக்கியம் கொடுத்த இடம் தொடக்கத்திலிருந்தே பெரியது. 8ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட மன்யோஷூ என்னும் கவிதைத் தொகையில், 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இளவரசி நுகாட்டாவின் பாடல் ஒன்று உள்ளது. இளவேனில் மலைகளின் பூக்களா, இலையுதிர்கால மலைகளின் இலைகளா, எவை சிறந்தவை என்று பேரரசர் தென்ஜியின் அவையில் எழுந்த கேள்விக்கு அந்தப் பாடல் தீர்ப்புச் சொல்கிறது. தீர்ப்பு இலையுதிர்காலத்தின் பக்கம். 905இல் அரச ஆணையால் தொடங்கப்பட்ட கொகின்ஷூ தொகையில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் ஒவ்வொரு பகுதியே உண்டு. இளவேனிலுக்கும் இலையுதிர்காலத்துக்கும் இரண்டிரண்டு பகுதிகள் ஒதுக்கப்பட்டன. மாறாது நிற்கும் பருவங்களைவிட, மாறிக்கொண்டே இருக்கும் பருவங்களையே கவிகள் நாடினார்கள் என்பதை இந்தப் பகுப்பு காட்டுகிறது.

11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முரசாகி ஷிகிபு எழுதிய கெஞ்சி கதையில் இந்தப் பருவப் போட்டி ஒரு மாளிகையின் அமைப்பாகவே மாறுகிறது. நாயகன் கட்டும் மாளிகை பருவங்களுக்கு ஏற்ப நான்கு பகுதிகளாகப் பிரிகிறது. இலையுதிர்காலத் தோட்டத்துக்கு உரியவளான அகிகொனொமு, இளவேனில் தோட்டத்துக்கு உரியவளிடம் பெட்டி மூடியில் பூக்களையும் நிறம் மாறிய இலைகளையும் வைத்து அனுப்பித் தன் பருவத்தின் பெருமையை நாட்டுகிறாள். அரசவையில் தொடங்கிய இந்த ரசனை காலப்போக்கில் எல்லா மக்களுக்கும் பரவியது. சிவந்த இலைகளைக் காண மலைக்குச் செல்லும் வழக்கம் மொமிஜிகாரி எனப்படுகிறது. இன்றும் ஆண்டுதோறும் பல லட்சம் பேர் இதற்காகப் பயணம் செய்கிறார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்று சேரும் இடங்கள் பௌத்தக் கோயில்கள்.

பற்று என்னும் சிக்கல்

பௌத்தம் சொல்லும் மூன்று இலக்கணங்கள் தமிழ் வாசகருக்குப் புதியவை அல்ல. அநித்தம், துக்கம், அநான்மா என்று மணிமேகலை அவற்றைத் தமிழில் தந்திருக்கிறது. இளமையும் உடலும் செல்வமும் நில்லா என்று அறிந்தவர் துறவை நாடுவதே அந்தக் காப்பியம் காட்டும் வழி. திருக்குறளிலும் நிலையாமை அதிகாரம் துறவறவியலில், துறவு அதிகாரத்துக்கு முன்னதாக வைக்கப்பட்டிருக்கிறது. நிலையாமையை உணர்தல், அதன் பயனாகப் பற்றை விடுதல் என்ற இந்த வரிசையில் பார்த்தால், உதிரும் இலை ஓர் எச்சரிக்கை மட்டுமே. அதை நின்று ரசிப்பதற்கு அங்கே இடம் குறைவு.

ஜப்பானியத் துறவிகளும் இந்த நெருக்கடியை உணர்ந்தார்கள். அழகிய சொற்களைக் கோப்பதே துறவிக்குத் தகாத வீண்செயல் என்ற கருத்து அவர்களிடையே வலுவாக இருந்தது. சீனக் கவிஞர் பாய் ஜூயி (772–846) தம் கவிதைகளைக் கட்டற்ற சொல், அலங்காரச் சொல் என்று தாமே குறைகூறிக்கொண்டு, அந்தப் பிழையே புத்தரின் அறத்தைப் போற்றும் காரணமாக மாற வேண்டும் என்று வேண்டித் தம் நூல்களைக் கோயிலுக்கு அளித்தார். அவருடைய அந்த வேண்டுதல் ஜப்பானில் பல தலைமுறைகளுக்குக் கவிதைக்கும் துறவுக்கும் இடையிலான சமாதான உடன்படிக்கையாகப் பயன்பட்டது.

அழகின் ஆபத்தைப் பற்றிய அச்சம் அரங்கக் கலையிலும் பதிந்தது. கான்சே நொபுமிட்சு (இறப்பு 1516) எழுதிய மொமிஜிகாரி என்னும் நோ நாடகத்தில், மான் வேட்டைக்கு வந்த வீரன் கொரெமொச்சி, தொகாகுஷி மலையில் செவ்விலைகளின் கீழ் விருந்துண்ணும் உயர்குலப் பெண்களைக் காண்கிறான். மதுவிலும் நடனத்திலும் மயங்கித் தூங்கிவிடுகிறான். கனவில் தெய்வம் எச்சரித்து வாள் தந்த பிறகே அவர்களின் தலைவி உண்மையில் அரக்கி என்று அறிந்து போரிடுகிறான். இலைகளின் அழகு இங்கே மயக்கத்தின் வாசல். இந்தக் கதை பின்னர் கபுகி நாடகமாகவும் ஆனது. அந்த நாடகக் காட்சியை 1899இல் படமாக்கிய சுருள், ஜப்பானில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய திரைப்படங்களில் ஒன்று.

கியோட்டோவின் டோஃபுகு-ஜி கோயில் இந்தச் சிக்கலுக்கு வேறொரு சான்று. 1236இல் நிறுவப்பட்ட இந்த ஜென் மடத்தில் வாழ்ந்த மிஞ்சோ (1352–1431) என்னும் துறவி பெரும் ஓவியர். அவர் வரைந்த புத்த பரிநிர்வாண ஓவியத்தைக் கண்டு மகிழ்ந்த ஆட்சியாளர் அஷிகாகா யொஷிமொச்சி, என்ன பரிசு வேண்டும் என்று கேட்டாராம். மடத்திலுள்ள செர்ரி மரங்களை வெட்டிவிட வேண்டும், பூக்காலத்தில் கூடும் கேளிக்கைக் கூட்டம் துறவிகளின் பயிற்சியைக் குலைத்துவிடும் என்று மிஞ்சோ விடையளித்தார் என்கிறது கோயில் மரபு. இன்று அந்தக் கோயில் புகழ்பெற்றிருப்பது மேப்பிள் மரங்களுக்காக. பள்ளத்தாக்கின் மேல் செல்லும் அதன் ட்சுடென்கியோ பாலத்தில் நின்று கீழே சிவந்த இலைகளைக் காண ஒவ்வொரு நவம்பரிலும் பெருங்கூட்டம் கூடுகிறது. ஓர் அழகை விலக்கிய இடத்திலேயே இன்னோர் அழகு குடியேறியது. மரத்தை வெட்டுவதால் பற்று தீர்வதில்லை. கேள்விக்கு விடையை வேறிடத்தில் தேட வேண்டியிருந்தது.

செடிகொடிகளின் புத்தத்தன்மை

அந்த விடையின் ஒரு பகுதி டெண்டாய் பௌத்தத்திலிருந்து வந்தது. உணர்வுள்ள உயிர்களுக்கு மட்டும்தான் புத்தநிலை அடையும் தகுதி உண்டா, புல்லுக்கும் மரத்துக்கும் கல்லுக்கும் உண்டா என்ற வாதம் சீனாவில் எழுந்தது. டெண்டாயின் சீனத் தாய்மரபான தியந்தாயின் ஆசிரியர் ஜான்ரான் (711–782), உணர்வற்றவை என்று கருதப்படுபவற்றுக்கும் புத்தத்தன்மை உண்டு என்று நிறுவினார். ஜப்பானில் அந்த வாதம் இன்னும் ஒரு படி முன்னே சென்றது. ர்யோகென் (912–985) பெயரால் வழங்கும் ஒரு சிறுநூல், செடிகொடிகள் தாமாகவே விழைவு கொண்டு, பயிற்சி செய்து, புத்தநிலை அடைகின்றன என்று வாதிடுகிறது. முளைத்தல், நிலைத்தல், மாறுதல், மறைதல் என்ற தாவர வாழ்வின் நான்கு நிலைகளை, ஞானத்தை விழைதல், பயிற்சி, ஞானம், நிர்வாணம் என்ற ஆன்மிக வாழ்வின் நான்கு நிலைகளோடு அது பொருத்துகிறது.

இந்தப் பொருத்தம் இலையுதிர்காலத்தைப் பார்க்கும் பார்வையை அடியோடு மாற்றுகிறது. இலை நிறம் மாறும் நிலை ஞானத்துக்கும், உதிரும் நிலை நிர்வாணத்துக்கும் இணையாகின்றன. மலைச்சரிவில் சிவந்து நிற்கும் மரம் துறவியின் கவனத்தைக் கலைக்கும் பொருளாக இருந்த நிலை மாறி, அவர் செய்ய முயலும் பயிற்சியைத் தயக்கமின்றி முன்பே செய்துமுடிக்கும் வழித்துணையாகிறது. அதைக் கவனித்துப் பார்ப்பது அறப்பயிற்சியின் பகுதியாகிவிடுகிறது.

சோட்டோ ஜென் மரபை ஜப்பானில் நிறுவிய டோகென் (1200–1253) இந்தச் சிந்தனையை அதன் எல்லைக்குக் கொண்டுசென்றார். 1241இல் அவர் ஆற்றிய புத்தத்தன்மை பற்றிய உரையில், நிலையாமையே புத்தத்தன்மை என்ற கூற்றை ஜென் மரபின் ஆறாம் குருவான ஹூய்நெங்கின் பெயரால் எடுத்துக்கொண்டு விளக்குகிறார். நிலையற்ற பொருள்களுக்குப் பின்னால் நிலையான புத்தத்தன்மை ஒன்று ஒளிந்திருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. புல்லும் மரமும் மனிதரும் நாடும் நிலையாமல் இருக்கும் அந்த இருப்பே புத்தத்தன்மை என்கிறார். அவ்வாறாயின் உதிரும் இலையைத் தாண்டி உண்மையைத் தேட வேண்டியதில்லை. உதிர்தலை உள்ளபடி காண்பதே உண்மையைக் காண்பது.

சைக்யோவும் ஷுன்ஸெயும்

கோட்பாட்டில் எட்டிய இந்த விடையை வாழ்க்கையில் சோதித்துப் பார்த்தவர் சைக்யோ (1118–1190). அரண்மனைக் காவல் வீரராக இருந்த அவர் 1140இல், தம் 23ஆம் வயதில், துறவு பூண்டார். கோயா மலையை ஒட்டிப் பல ஆண்டுகள் வாழ்ந்து, நாடெங்கும் நடந்து திரிந்தார். செர்ரிப் பூவும் இலையுதிர்கால நிலவும் அவர் பாடல்களில் ஓயாமல் வருகின்றன. உலகை விட்ட மனம் பூவை விடவில்லையே என்ற தவிப்பை அவர் மறைத்ததில்லை. 1205இல் அரசரிடம் அளிக்கப்பட்ட ஷின்கொகின்ஷூ தொகையில் எவரையும்விட அதிகமாக, 94 பாடல்கள் அவருடையவை. அத்தொகையின் இலையுதிர்காலப் பகுதியில் அந்திப்பொழுதைப் பாடும் மூன்று பாடல்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஜாகுரென், சைக்யோ, தெய்க்கா ஆகிய மூவரின் அந்தப் பாடல்களை ஜப்பானியர் மூன்று அந்திகள் என்று சேர்த்தே வழங்குகிறார்கள்.

சைக்யோவுக்கு நிலவு வெறும் அலங்காரமாக இருக்கவில்லை. கோயா மலையின் ஷிங்கோன் பௌத்தத்தில் முழுநிலவின் வட்டத்தை மனத்தில் நிறுத்தித் தியானிக்கும் பயிற்சி உண்டு. அங்கே முழுநிலவு விழிப்படைந்த மனத்தின் வடிவம். வானம் தெளிந்த இலையுதிர்கால இரவில் நிலவைப் பார்த்து நிற்பது, அத்தகைய ஒருவருக்கு ரசனையாகவும் தியானமாகவும் ஒரே நேரத்தில் அமைகிறது. இரண்டையும் பிரிக்கும் கோட்டை அவர் தேடவில்லை.

அவருடைய நண்பரும் மூத்த கவிஞருமான ஃபுஜிவாரா நோ ஷுன்ஸெய் (1114–1204), 1197இல் எழுதிய கவிதையியல் நூலில் இதற்கு அறிவு வடிவம் கொடுத்தார். டெண்டாய் மரபு ஒவ்வொரு பொருளையும் மூன்று விதமாகப் பார்க்கச் சொல்கிறது. பொருளுக்குத் தன்னியல்பாக நிலைத்த சாரம் இல்லை, அது வெறுமை. ஆயினும் அது தற்காலிகமாகத் தோன்றி நிற்கிறது, அது தோற்றம். இந்த இரண்டையும் ஒன்றாகக் காண்பது நடுநிலை. கவிதையின் ஆழம் இந்த மூன்று உண்மைகளோடு ஒத்தது என்றார் ஷுன்ஸெய். செவ்விலையைக் கொண்டு இதை விளங்கிக்கொள்ளலாம். இலையின் தோற்றத்தை மட்டும் பிடித்துக்கொள்பவர் மயங்குகிறார். அதன் வெறுமையை மட்டும் நினைப்பவர் கண்ணெதிரே உள்ள சிவப்பைத் தவறவிடுகிறார். இருக்கிறது, நில்லாது என்ற இரண்டையும் ஒரே பார்வையில் தாங்குபவரே இலையை முழுமையாகக் காண்கிறார்.

கென்கோவின் மொட்டு

14ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் யொஷிதா கென்கோ என்னும் துறவி எழுதிய ட்சுரெசுரெகுசா, இந்தச் சிந்தனையை எளிய உரைநடையில் பரப்பியது. மனிதர் சாவின்றி என்றும் வாழ்ந்திருந்தால் எந்தப் பொருளும் மனத்தைத் தொடாது. நிச்சயமின்மையே வாழ்வின் சிறப்பு என்பது அவருடைய துணிபு. முழுமலர்ச்சியை மட்டும், மேகமற்ற நிலவை மட்டும் பார்ப்பவரை அவர் ரசிகராக ஏற்கவில்லை. தொடக்கமும் முடிவும் அவருக்கு நடுப்பகுதியைவிடச் சுவையானவை.

அவருடைய மிகக் கூர்மையான கவனிப்பு இலை உதிர்வதைப் பற்றியது. இலை உதிர்ந்த பிறகு மொட்டு தோன்றுவதில்லை. அடியிலிருந்து மொட்டு முகிழ்த்து எழும் வேகத்தைத் தாங்காமலேயே இலை உதிர்கிறது என்கிறார் அவர். பருவங்களும் அவ்வாறே, கோடை முடிந்து இலையுதிர்காலம் வருவதில்லை, கோடைக்குள்ளேயே இலையுதிர்காலம் தொடங்கிவிடுகிறது. மனித வாழ்வில் சாவும் முன்னாலிருந்து வருவதில்லை, பின்னாலிருந்து நெருங்குகிறது என்று அவர் இதிலிருந்து முடிவுக்கு வருகிறார்.

தாவரவியல் இந்தக் கவனிப்பைப் பாதி உறுதிசெய்கிறது. மொட்டு இலையைத் தள்ளுவதில்லை, பிரிபடலமே பிரிக்கிறது. ஆனால் இலை உதிரும் வேளையில் அடுத்த ஆண்டின் மொட்டு இலைக்காம்பின் கக்கத்தில் ஏற்கெனவே இருக்கிறது. கோடையிலேயே அது உருவாகிவிடுகிறது. வாடுவதும் தொடங்குவதும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழாமல் ஒன்றினுள் ஒன்றாக நிகழ்கின்றன என்ற அளவில், கண்ணால் மட்டும் பார்த்த துறவி நுண்ணோக்கி தரும் உண்மைக்கு மிக அருகில் வந்திருந்தார்.

நொரினாகாவின் மறுப்பு

அழகைப் பௌத்தத்தின் துணையோடு நியாயப்படுத்த வேண்டியதே இல்லை என்ற குரலும் ஜப்பானில் எழுந்தது. மட்சுசாகா நகரின் மருத்துவரும் பேரறிஞருமான மொட்டொஒரி நொரினாகா (1730–1801), 1763இல் எழுதிய நூல்களில் மோனோ நோ அவாரே என்ற கருத்தை விரித்துரைத்தார். பொருள்களை எதிர்கொள்ளும்போது மனத்தில் எழும் நெகிழ்ச்சியை அது குறிக்கிறது. கெஞ்சி கதையை ஆசைக்கு எதிரான எச்சரிக்கையாகவோ அறப்பாடமாகவோ படித்த பௌத்த, கன்பூசிய உரைகளை அவர் மறுத்தார். நெகிழ வேண்டிய இடத்தில் நெகிழத் தெரிந்தவரே மனித இயல்பு நிரம்பியவர் என்றார். அவரைப் பொறுத்தவரை உதிரும் இலையைக் கண்டு எழும் ஏக்கம் கடக்க வேண்டிய பலவீனம் ஆகாது. அதை அடக்கிக்கொண்டு கலங்காதவர்போல் நிற்பதுதான் பொய்.

இந்த மறுப்பில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. அழகை ஏதோ ஒரு பாடத்துக்கான உவமையாக மட்டும் பயன்படுத்தினால், இலை தன் தனித்தன்மையை இழந்துவிடும். எந்த இலையும், எந்தச் சருகும் அதே பாடத்தைத் தந்துவிடும். ஆனால் நொரினாகாவின் கருத்து ஒரு வினாவைத் திறந்தே விடுகிறது. நெகிழ்ச்சி எழுந்த பிறகு மனம் அந்த இலையை என்ன செய்ய விழைகிறது? நிறுத்திவைக்க விழைகிறதா, போகவிடுகிறதா? இந்த இடத்தில்தான் பௌத்தரின் கேள்வி மீண்டும் உயிர் பெறுகிறது.

விழைவில்லாத மகிழ்ச்சி

ஐரோப்பிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ட், நொரினாகாவின் காலத்திலேயே, இதே முடிச்சை வேறு வழியில் அணுகினார். 1790இல் வெளிவந்த தீர்ப்பாற்றல் பற்றிய ஆய்வு நூலில், அழகில் கிடைக்கும் மகிழ்ச்சி பொருளை உடைமையாக்கும் விழைவைச் சாராதது என்று அவர் வரையறுத்தார். பசித்தவர் கனியைப் பார்ப்பதும் அழகை உணர்பவர் கனியைப் பார்ப்பதும் வெவ்வேறு செயல்கள். இயற்கை அழகில் நேரடியாக ஈடுபாடு கொள்வது நல்ல உள்ளத்தின் அடையாளம் என்றும் அவர் கருதினார். இயற்கைப் பொருள் நமக்காகச் செய்யப்பட்டது போன்ற பொருத்தத்தோடு தோன்றுகிறது, ஆனால் அதில் நமக்கான நோக்கம் எதையும் நிறுவ முடியாது என்ற அவருடைய கருத்துக்கு மேப்பிள் இலை நல்ல எடுத்துக்காட்டு. ஒளியைத் தடுக்கவோ பூச்சியை எச்சரிக்கவோ எழுந்த சிவப்பு, அதற்கு எந்தத் தொடர்பும் இல்லாத மனிதக் கண்ணில் நிறைவாக வந்து சேர்கிறது.

கான்ட் சொல்லும் விழைவில்லாத மகிழ்ச்சிக்கும் பௌத்தம் சொல்லும் பற்றின்மைக்கும் வேறுபாடு உண்டு. கான்ட் தீர்ப்பின் இலக்கணத்தைச் சொல்கிறார்; பௌத்தம் வாழ்வின் பயிற்சியைச் சொல்கிறது. ஆயினும் இரண்டும் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. அழகைக் காண்பதும் அதைத் தனதாக்க விரும்புவதும் ஒன்றல்ல. உதிரும் இலை இந்த வேறுபாட்டை மற்ற எதையும்விடத் தெளிவாக்குகிறது, ஏனென்றால் அதை எவராலும் வைத்துக்கொள்ள முடியாது. நெருங்கிச் சென்று பறித்தாலும் அதன் நிறம் சில நாளில் மங்கிவிடும்.

சமபகலின் வழிபாடு

இந்தச் சிந்தனைகள் எல்லாம் எளிய மக்களின் வழிபாட்டிலும் இடம் பெற்றன. பகலும் இரவும் சமமாகும் இலையுதிர்காலச் சமபகல் நாளை நடுவாகக் கொண்ட 7 நாள் ஹிகான் எனப்படுகிறது. பிறவிக் கடலின் மறுகரை என்ற பொருளில் வழங்கும் சொல் அது. சமபகல் அன்று சூரியன் நேர் மேற்கில் மறைகிறது. அமிதாப புத்தரின் தூயநிலம் மேற்கில் இருப்பதாகக் கருதும் மரபினர் அந்தத் திசையை நோக்கி வணங்குகிறார்கள். குடும்பத்தார் கல்லறைகளைத் தூய்மை செய்து, பூவும் ஊதுவத்தியும் வைக்கிறார்கள். அதே நாள்களில் வயல் வரப்புகளிலும் கல்லறை ஓரங்களிலும் இலையே இல்லாத தண்டின்மேல் சிவந்த ஹிகான் மலர்கள் பூக்கின்றன. 1948ஆம் ஆண்டின் விடுமுறைச் சட்டம் இலையுதிர்காலச் சமபகல் நாளை முன்னோரைப் போற்றி, மறைந்தோரை நினைவுகூரும் தேசிய விடுமுறையாக்கியது. வானியல் ஒழுங்கும், மலரின் ஒழுங்கும், மறைந்தோர் நினைவும் ஒரே வாரத்தில் கூடுகின்றன. மறைவை இயற்கையின் ஒழுங்குக்குள் வைத்துப் பார்க்க இந்த வாரம் ஒவ்வொரு தலைமுறைக்கும் கற்றுத்தருகிறது.

ஒழுங்கு குலையும்போது

அந்த ஒழுங்கே இப்போது நகர்ந்துவருகிறது. ஜப்பான் வானிலை ஆய்வு மையம் 1953 முதல் மேப்பிள் இலைகள் சிவக்கும் நாளைக் குறித்துவருகிறது. சிவக்கும் நாள் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 நாள் வீதம் தள்ளிப்போவதை அந்தக் குறிப்புகள் காட்டுகின்றன. புவி வெப்பமாதலும் நகரங்களின் வெப்பமும் இதற்குக் காரணங்கள். எல்லாம் மாறும் என்று கற்பிக்கும் சமயம் இதையும் நிலையாமை என்று ஏற்றுக்கொள்ள வேண்டுமா என்ற கேள்வி இங்கே எழலாம். ஏற்க வேண்டியதில்லை. பௌத்தம் சொல்லும் நிலையாமை காரணகாரியத் தொடர்போடு இணைந்தது. மனிதரின் பேராசை காரணமாக விளையும் துன்பத்தை அது விதி என்று ஒதுக்குவதில்லை, காரணத்தை நீக்கச் சொல்கிறது. இலை உதிர்வது இயற்கையின் முறை. உதிரும் முறையையே கலைப்பது மனிதரின் செயல், ஆகையால் மனிதரின் பொறுப்பு.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் முதற்கேள்விக்கு விடை கிடைக்கிறது. அழகைக் காண்பது பற்று ஆகாது. கண்ட அழகு போகக் கூடாது என்று மனம் அடம்பிடிக்கும்போதே பற்று தொடங்குகிறது. இலையின் நிறம் எப்படி உருவாகிறது, ஏன் உதிர்கிறது, உதிரும்போதே அடுத்த மொட்டு எங்கே காத்திருக்கிறது என்று அறிந்தவர், நெகிழ்ச்சியை மறுக்காமலும் அதில் மூழ்காமலும் அந்த அழகை நிறைவாகக் காண முடியும். உதிரும் இலையை முழுக் கவனத்தோடு பார்த்து, முழு மனத்தோடு போகவிடுவது துறவிக்கும் இல்லறத்தாருக்கும் பொதுவான, எவரும் செய்யக்கூடிய ஓர் ஆன்மிகப் பயிற்சி.